அறிவியல் கேள்வி–பதில்: புரதங்கள் எப்படி மடிகின்றன?

புரதங்களின் அமைப்பைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பதிலில் விளக்கியதை அடுத்த பதிலில் மீண்டும் விளக்கவில்லை. எனவே வரிசையாகப் படிப்பது நல்லது.

கேள்வி: புரதத்தின் அமைப்பை முதல்நிலை, இரண்டாம்நிலை, மூன்றாம்நிலை, நான்காம்நிலை என்று பாடநூல் பிரிக்கிறது. ஒரு புரதம் உருவாகும்போது இந்த நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கிறதா? (இளங்கலை வேதியியல் மாணவி, திருச்சிராப்பள்ளி)

இல்லை. அந்தப் பிரிவுகள் முடிந்த வடிவத்தை நாம் விவரிப்பதற்காக ஏற்படுத்திக்கொண்டவை; புரதம் ஏறிச் செல்லும் படிகள் அல்ல. முதல் மூன்று பிரிவுகளை 1950-களின் தொடக்கத்தில் டென்மார்க் அறிஞர் காய் லிண்டர்ஸ்ட்ரோம்-லாங் வகுத்தார். நான்காம்நிலை என்பதை 1958-இல் பிரிட்டனின் ஜே. டி. பெர்னால் சேர்த்தார்.

முதல்நிலை அமைப்பு என்பது 20 வகை அமினோ அமிலங்கள் எந்த வரிசையில் பெப்டைடு பிணைப்புகளால் கோக்கப்பட்டிருக்கின்றன என்பது மட்டுமே. ஒவ்வொரு புரதத்திற்கும் மாறாத ஒரு வரிசை உண்டு என்பதையே 1950-கள் வரை பலர் நம்பவில்லை. ஃபிரெடரிக் சாங்கர், 21 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலியும் 30 கொண்ட மற்றொன்றுமாக இன்சுலினின் முழு வரிசையையும் கண்டறிந்த பிறகுதான் அந்த ஐயம் தீர்ந்தது. இரண்டாம்நிலை என்பது சங்கிலியின் முதுகெலும்பு, அதாவது எல்லா அமினோ அமிலங்களையும் இணைத்து நீளவாக்கில் ஓடும் பகுதி, அருகருகே எடுக்கும் ஒழுங்கான வடிவம். லைனஸ் பாலிங்கும் அவருடைய கூட்டாளிகளும் 1951-இல் முன்வைத்த ஆல்ஃபா சுருளில் ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள் இருக்கும். ஒவ்வொன்றின் ஆக்சிஜனும் நான்கு இடம் தள்ளி வரும் அமினோ அமிலத்தின் நைட்ரஜனோடு, இடையிலுள்ள ஹைட்ரஜன் வழியாக, ஹைட்ரஜன் பிணைப்பு என்ற வலுக்குறைந்த பிணைப்பைக் கொள்ளும். நீட்டிய சங்கிலித் துண்டுகள் பக்கம் பக்கமாகப் படிந்து அதே வகைப் பிணைப்புகளால் இணைந்தால் அது பீட்டா தாள். இந்தச் சுருள்களும் தாள்களும் ஒன்றோடொன்று நெருங்கி அமைந்த முழு முப்பரிமாண வடிவம் மூன்றாம்நிலை. ஹீமோகுளோபினில் நான்கு சங்கிலிகள் கூடியிருப்பது போன்ற சேர்க்கை நான்காம்நிலை.

உங்கள் கேள்விக்கு நேரான விடை இதுதான்: ஒரு புரதத்திலிருந்து ஆல்ஃபா சுருளாக இருக்கும் சிறு துண்டை மட்டும் வெட்டியெடுத்துத் தண்ணீரில் போட்டால், பெரும்பாலும் அது சுருளாக நிலைத்து நிற்பதில்லை. அதைச் சுருளாகப் பிடித்து வைத்திருப்பது அதன்மேல் வந்து சாய்ந்திருக்கும் மற்றப் பகுதிகள்தான். அதாவது இரண்டாம்நிலை அமைப்பே மூன்றாம்நிலை அமைப்பின் தயவில் நிற்கிறது. இரண்டும் ஒருங்கே உருவாகின்றன. தேர்வில் நான்கு நிலைகளையும் வரிசையாக எழுதுங்கள். ஆனால் மனத்தில் அதை ஒரு கால வரிசையாகப் பதித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: இந்த வடிவத்தை எடு என்று புரதத்திற்கு யார் சொல்கிறார்கள்? டி.என்.ஏ.வில் அமினோ அமிலங்களின் வரிசைதானே இருக்கிறது, வடிவம் இல்லையே? (பள்ளி ஆசிரியர், மதுரை)

இத்துறையின் ஆணிவேரான கேள்வி இது. வேறு யாரும் சொல்வதில்லை என்பதும், வரிசைக்குள்ளேயே வடிவம் அடங்கியிருக்கிறது என்பதும் இதற்கான விடை. அமெரிக்காவின் பெதஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய கிறிஸ்டியன் அன்ஃபின்சன் இதைச் சோதனையால் நிறுவினார்.

அவர் எடுத்துக்கொண்டது மாட்டின் கணையத்திலிருந்து கிடைக்கும் ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதி. 124 அமினோ அமிலங்கள் கொண்ட இதில் சிஸ்டீன் என்ற கந்தகமுள்ள அமினோ அமிலங்கள் எட்டு, இரண்டிரண்டாகச் சேர்ந்து, கந்தகத்தோடு கந்தகம் இணையும் டைசல்பைடு பிணைப்புகள் நான்கை உண்டாக்கியிருக்கின்றன. அடர்ந்த யூரியாக் கரைசலில் இட்டு நொதியின் மடிப்புகளைக் குலைத்து, மெர்காப்டோஎத்தனால் என்ற வேதிப்பொருளால் நான்கு டைசல்பைடுகளையும் பிரித்தபோது அது செயலற்ற வெறும் சங்கிலியாயிற்று. பிறகு இரண்டு வேதிப்பொருள்களையும் நீக்கிவிட்டு, காற்றிலுள்ள ஆக்சிஜனால் டைசல்பைடுகள் மீண்டும் உருவாகும்படி விட்டபோது, நொதி ஏறக்குறைய முழுச் செயல்திறனையும் திரும்பப் பெற்றது.

இதோடு நிறுத்தியிருந்தால் சங்கிலி முழுமையாகக் குலையவில்லையோ என்று யாரேனும் கேட்டிருக்கலாம். எனக்கு அவருடைய அடுத்த சோதனைதான் மேலும் அழகாகத் தோன்றுகிறது. எட்டு சிஸ்டீன்கள் நான்கு இணைகளாகச் சேர 7 × 5 × 3 × 1, அதாவது 105 வழிகள் உண்டு. அவற்றில் ஒன்றே ஒன்றுதான் இயல்பான நொதிக்கு உரியது. யூரியா இருக்கும்போதே, அதாவது சங்கிலி குலைந்த நிலையிலேயே, டைசல்பைடுகளை உருவாக விட்டால் இணைகள் கண்டபடி சேர்ந்து, ஒரு விழுக்காடு அளவுக்கே செயல்திறன் கிடைக்கிறது. அந்தத் தாறுமாறான கலவையிலிருந்து யூரியாவை நீக்கி, இணைகள் பிரிந்து மாற இடம் தரும் வகையில் மிகச் சிறிதளவு மெர்காப்டோஎத்தனாலைச் சேர்த்தால், சில மணி நேரத்தில் தவறான இணைகள் கலைந்து சரியான நான்கும் உருவாகிவிடுகின்றன. வெளியிலிருந்து எந்த அச்சும் தரப்படவில்லை. சாதாரண நீர்க்கரைசலில் மிகக் குறைந்த ஆற்றலுடைய வடிவம் எதுவோ அதையே அந்தச் சங்கிலி தேடி அடைந்தது. அன்ஃபின்சனுக்கு 1972-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1969-இல், புரூஸ் மெரிஃபீல்டும் பெர்ன்ட் குட்டேயும் இதே நொதியை அமினோ அமிலங்களிலிருந்து ஒவ்வொன்றாகக் கோத்துச் செயற்கையாகச் செய்து காட்டினார்கள். உயிருள்ள செல்லை ஒருபோதும் கண்டிராத அந்தச் சங்கிலியும் மடிந்து நொதியாக வேலை செய்தது.

அந்தத் தேடலுக்கு உந்துதல் பெரும்பாலும் தண்ணீரிடமிருந்து வருகிறது. ஒவ்வொரு வகை அமினோ அமிலத்திலும் முதுகெலும்பிலிருந்து பக்கவாட்டில் நீண்டிருக்கும் பக்கச் சங்கிலிகளில் சில எண்ணெய் போல நீரோடு ஒட்டாதவை. அவை வெளியே நிற்கும்வரை அவற்றைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளின் சுதந்திரம் குறைகிறது. அவை உள்ளே ஒன்றுகூடி மறைந்துகொண்டால் நீர் விடுபடுகிறது. வால்டர் காவுஸ்மன் 1959-இல் இதன் முக்கியத்துவத்தைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். மடிந்த புரதத்திற்கும் மடியாத சங்கிலிக்கும் இடையிலான நிகர ஆற்றல் வேறுபாடு பொதுவாக ஒரு மோலுக்கு 5 முதல் 15 கிலோகலோரிதான். சில ஹைட்ரஜன் பிணைப்புகளின் அளவே அது. நூற்றுக்கணக்கான சிறு விசைகள் ஒன்றையொன்று ஏறக்குறைய ஈடுசெய்துவிட, எஞ்சிய சிறு மிச்சத்தில்தான் நம் உடம்பின் ஒவ்வொரு நொதியும் வடிவம் குலையாமல் நிற்கிறது. சற்றே காய்ச்சல் மிகுந்தாலும் உடல் தடுமாறுவது ஏன் என்று யோசிக்கும்போதெல்லாம் இந்த எண் என் நினைவுக்கு வருகிறது.

ஒரு திருத்தத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சோதனைக்குழாயில் புரதம் நீர்த்த கரைசலில் தனியாக இருக்கிறது. செல்லுக்குள்ளோ ஒரு மில்லிலிட்டருக்கு சுமார் 300 மில்லிகிராம் பெருமூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. பாதி மடிந்த சங்கிலிகள் அங்கே ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடாமல் காப்பதற்கென்றே ஷாப்பரோன் எனப்படும் காவல் புரதங்கள் உள்ளன. பாக்டீரியாவின் குரோ-இ.எல். என்ற ஷாப்பரோன், ஏழேழு அலகுகள் கொண்ட இரண்டு வளையங்களாலான கூடு. மடிய வேண்டிய சங்கிலி அதற்குள் தனித்து வைக்கப்படுகிறது. ஃபிரான்ஸ்-உல்ரிக் ஹார்ட்ல், ஆர்தர் ஹோர்விச் ஆகியோரின் ஆய்வுகள் 1989 முதல் இதை வெளிக்கொணர்ந்தன. ஷாப்பரோனுக்கு எந்தப் புரதத்தின் இறுதி வடிவமும் தெரியாது. அது இடமும் அவகாசமும் தருகிறது, வடிவத்தைத் தருவதில்லை. ஆகவே அன்ஃபின்சனின் முடிவு அப்படியே நிற்கிறது.

கேள்வி: குலைந்த புரதம் தானாகவே மீள மடியும் என்றால், வேகவைத்த முட்டை ஆறிய பிறகு பழையபடி ஏன் ஆவதில்லை? பால் தயிராவதும் இதே மாற்றம்தானா? (இல்லத்தரசி, ஈரோடு)

முட்டையின் வெள்ளைக்கருவில் பத்தில் ஒரு பங்கு புரதம். அதில் பாதிக்கு மேல் ஓவல்புமின். சூடேறும்போது இந்தப் புரதங்கள் குலைந்து, உள்ளே மறைந்திருந்த நீரோடு ஒட்டாத பகுதிகள் வெளிப்படுகின்றன. மிக நெருக்கமாக இருப்பதால் ஒவ்வொரு சங்கிலியும் தன்னுள் மடிவதற்கு முன்பே பக்கத்துச் சங்கிலியோடு ஒட்டிக்கொள்கிறது. போதாததற்கு, ஓவல்புமினில் தனித்திருந்த சிஸ்டீன்கள் அடுத்தடுத்த மூலக்கூறுகளுக்கிடையே டைசல்பைடு பாலங்களைக் கட்டிவிடுகின்றன. குளிர்ந்தாலும் அந்த வலை அவிழாது. அன்ஃபின்சன் நீர்த்த கரைசலைப் பயன்படுத்தியதன் காரணம் இப்போது விளங்கும். அடுப்படியில் முடியாததை ஆய்வகத்தில் ஓரளவு செய்யலாம்: வேகவைத்த வெள்ளைக்கருவை யூரியாவில் கரைத்து, வேகமாகச் சுழலும் மெல்லிய நீர்ப்படலத்தில் இழுவிசைக்கு உட்படுத்தி, அதிலிருந்த லைசோசைம் என்ற நொதியைச் செயல்திறனோடு மீட்டதாக 2015-இல் அமெரிக்க, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

தயிர் வேறு கதை. பசும்பாலின் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். இதற்குத் திட்டவட்டமான மடிப்பே கிடையாது. கால்சியம் பாஸ்பேட்டோடு சேர்ந்து சிறு உருண்டைகளாக மிதக்கிறது. உறையிலுள்ள பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரக்கச் சுரக்க, உருண்டைகளை விலக்கி வைத்திருந்த மின்சுமை குறைந்து, அமில அளவு பி.எச். 4.6-ஐ நெருங்கும்போது அவை ஒன்றோடொன்று பற்றிக்கொள்கின்றன. இங்கே குலைவதற்கு மடிப்பு எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் நன்றாகக் காய்ச்சிய பாலில் தயிர் கெட்டியாக உறைவதற்குக் காரணம் மடிப்புக் குலைவுதான்: காய்ச்சும்போது பீட்டா-லாக்டோகுளோபுலின் என்ற மற்றொரு பால் புரதம் குலைந்து கேசீன் உருண்டைகளின்மேல் ஒட்டிக்கொள்கிறது, அதனால் பின்னர் உருவாகும் வலை உறுதியாகிறது.

கேள்வி: ஜி. என். ராமச்சந்திரன் புரத ஆய்வில் உலகப் புகழ் பெற்றவர் என்று படித்திருக்கிறேன். அவர் உண்மையில் என்ன கண்டுபிடித்தார்? (ஓய்வுபெற்ற அரசு ஊழியர், சென்னை)

நீங்கள் இருக்கும் ஊரில், கிண்டி வளாகத்தில் நடந்த வேலை அது. துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியாரின் அழைப்பில் 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைமையேற்றபோது ராமச்சந்திரனுக்கு வயது 30. சென்னைக்கு வந்த பெர்னால், முதல் பதிலில் நான் குறிப்பிட்ட அதே பெர்னால், கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் இன்னும் விளங்கவில்லை என்று அவரிடம் சொன்னார். அருகிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காருவின் வால் தசைநாணைப் பெற்று, அதன் எக்ஸ்-கதிர்ப் படங்களை எடுத்து, கோபிநாத் கார்த்தாவுடன் சேர்ந்து 1954-இல் அவர் முன்வைத்ததுதான் மூன்று சங்கிலிகள் முறுக்கிக்கொண்ட கொலாஜன் அமைப்பு. தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதி தரும் புரதம் அது. அதன் வரிசையில் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் வருவதன் காரணத்தை அந்த அமைப்பு விளக்கியது: மூன்று சங்கிலிகளும் சந்திக்கும் நடு அச்சில் வேறெதற்கும் இடமில்லை.

1955-இல் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் கொலாஜனுக்குத் தங்கள் அமைப்பை வெளியிட்டபோது, சென்னை அமைப்பில் சில அணுக்கள் அனுமதிக்க முடியாத அளவுக்கு நெருங்கி இருக்கின்றன என்று குறை கூறினார்கள். அப்படியானால் அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்பதையே முறையாக ஆராய்ந்துவிடுவது என்று ராமச்சந்திரன் முடிவு செய்தார். அதுவரை அறியப்பட்ட படிக அமைப்புகளிலிருந்து அணுக்களின் இடைத்தூரங்களைத் திரட்டினார். பெப்டைடு பிணைப்பு தட்டையாக, திரும்பாமல் இருப்பதால், சங்கிலியின் ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் சுழலக்கூடியவை ஃபை, சை என்ற இரண்டு கோணங்கள்தாம். இந்த இரண்டையும் படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு நிலையிலும் அணுக்கள் மோதுகின்றனவா என்று கணக்கிட்டு வரைபடமாக்கியபோது, பெரும்பகுதி தடைசெய்யப்பட்டதாகவும் சில தீவுகள் மட்டுமே அனுமதிக்கப்பட்டதாகவும் தெரிந்தது. ஆல்ஃபா சுருளும் பீட்டா தாளும் அந்தத் தீவுகளுக்குள் விழுந்தன. சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் இதை அவர் 1963-இல் வெளியிட்டார்.

பக்கச் சங்கிலி இல்லாத கிளைசினுக்கு அந்த வரைபடத்தில் மிகுந்த சுதந்திரம் உண்டு. வளையத்தில் சிக்கிய புரோலினுக்கு மிகக் குறைவு. சங்கிலியின் எந்த இடத்தில் திருப்பம் வரலாம், எங்கே சுருள் முறியும் என்பதெல்லாம் இதிலிருந்து விளங்கத் தொடங்கின. இன்றும் உலகின் எந்த ஆய்வகத்தில் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும், அது சரியா என்று சோதிக்க ராமச்சந்திரன் வரைபடத்தில் இட்டுப் பார்க்கிறார்கள். பெரிய கருவிகள் எதுவும் வேண்டாத, முழுக்க முழுக்கச் சிந்தனையாலும் பொறுமையான கணக்கீட்டாலும் ஆன வேலை அது. நம் பள்ளிப் பாடங்களில் அதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: இன்சுலின் குப்பியை வேகமாகக் குலுக்கக் கூடாது, உறையவிடக் கூடாது என்கிறார்களே, ஏன்? (நீரிழிவு உள்ள வாசகர், கோயம்புத்தூர்)

இன்சுலினும் மடிந்த புரதம்தான். வெப்பம், குலுக்கல், உறைதல் மூன்றுமே அதன் மூலக்கூறுகளைக் குலைத்து நார்களாகவோ துகள்களாகவோ திரட்டிவிடக்கூடும். குறிப்பாகக் குலுக்கும்போது காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பு பெருகி, அங்கே சங்கிலிகள் எளிதில் விரிகின்றன. திரண்ட இன்சுலின் சர்க்கரையைக் குறைக்காது. பயன்படுத்தத் தொடங்காத குப்பிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைப்பதும், கலங்கலான வகையை உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல உருட்டிக் கலப்பதும் இதனால்தான்.

இன்சுலினின் நான்காம்நிலை அமைப்பும் உங்களுக்குத் தொடர்புடையதே. கணையம் அதை ஆறு மூலக்கூறுகள் துத்தநாக அயனிகளைச் சுற்றிக் கூடிய தொகுப்பாகச் சேமிக்கிறது. அந்தக் கூட்டு நிலைப்பை அதிகரிக்கிறது, ஆனால் உடம்பில் வேலை செய்வது தனி மூலக்கூறுதான். ஊசி போட்ட இடத்தில் தொகுப்பு பிரியும்வரை சற்றுத் தாமதமாகிறது. 1990-களில் வந்த லிஸ்புரோ இன்சுலினில், நீண்ட சங்கிலியின் 28, 29-ஆம் இடங்களிலுள்ள புரோலினையும் லைசினையும் இடம் மாற்றி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டும் தன்மையைக் குறைத்திருக்கிறார்கள். அதனால் அது விரைவாக வேலை செய்கிறது.

கேள்வி: கிருமி இல்லாமல், வெறும் புரதத்தாலேயே தொற்றுநோய் வருமா? (செவிலியர், தஞ்சாவூர்)

வரும். பிரையான் என்ற புரதம் மூளை செல்களில் இயல்பாகவே இருக்கிறது. அதில் ஆல்ஃபா சுருள்கள் மிகுதி. அதே வரிசை பீட்டா தாள்கள் மிகுந்த மற்றொரு வடிவத்துக்கு மாறினால், அது இயல்பான மூலக்கூறுகளையும் தன் வடிவத்துக்கு இழுக்கிறது. பாப்புவா நியூ கினியின் ஃபோரே மக்களிடையே இறந்தோரின் உடலை உண்ணும் சடங்கால் பரவிய குரு நோயும், பிரிட்டனின் மாடுகளைத் தாக்கிய மூளை நோயும் இவ்வகையைச் சேர்ந்தவை. ஸ்டான்லி புரூசினர் 1982-இல் இந்தக் கருத்தை வெளியிட்டபோது கடும் எதிர்ப்பு இருந்தது. 1997-இல் நோபல் பரிசு பெற்றார். வழக்கமான கிருமிநீக்க முறைகளுக்கு இது எளிதில் அழியாது என்பது உங்கள் பணியில் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி.

கேள்வி: ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு புரத மடிப்புப் புதிரைத் தீர்த்துவிட்டதாகச் சொல்கிறார்கள். இனி இத்துறையில் ஆய்வுக்கு இடம் உண்டா? (முதுகலை மாணவர், திருநெல்வேலி)

இரண்டு கேள்விகள் இங்கே கலந்துவிட்டன. இந்த வரிசை எந்த வடிவத்தில் முடியும் என்பது ஒன்று. அங்கே எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது மற்றொன்று. ஆல்ஃபாஃபோல்டு முதல் கேள்விக்கு மிகப் பெரிய விடை. புரத வடிவங்களைக் கணிப்பதற்காக 1994 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை காஸ்ப் என்ற பொதுச் சோதனை நடக்கிறது. 2020-இல் அந்தச் சோதனையில் ஆல்ஃபாஃபோல்டின் இரண்டாம் பதிப்பு, பல புரதங்களுக்கு, சோதனையால் கண்ட வடிவத்தோடு ஒப்பிடத்தக்க துல்லியத்தைக் காட்டியது. 2022-க்குள் 20 கோடிக்கும் மேற்பட்ட வரிசைகளுக்கான கணிப்புகள் இலவசமாக வெளியிடப்பட்டன. 2024-இல் டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகியோர், புதிய புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கருடன் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இந்தச் சாதனையை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அது கற்றுக்கொண்டது எதிலிருந்து? 1971-இல் ஏழே அமைப்புகளோடு தொடங்கிய புரதத் தரவு வங்கியில், படிகங்களோடு ஆண்டுக்கணக்கில் போராடிய ஆய்வாளர்கள் சேர்த்த அமைப்புகளிலிருந்தும், பரிணாமத்தில் உறவுடைய வரிசைகளில் எந்தெந்த இடங்கள் சேர்ந்தே மாறுகின்றன என்ற தடயத்திலிருந்தும்தான்.

இரண்டாவது கேள்வியை 1969-இல் சைரஸ் லெவிந்தால் கூர்மையாக எழுப்பினார். 100 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியில் ஒவ்வொன்றும் மூன்று நிலைகளில் மட்டுமே இருக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், மொத்த வடிவங்கள் 5-ஐ அடுத்து 47 சுழியங்கள் இட்ட எண். ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பதென்றால் பிரபஞ்சத்தின் வயது போதாது. உண்மையான புரதங்களோ மைக்ரோவினாடிகளிலிருந்து சில நிமிடங்களுக்குள் மடிந்துவிடுகின்றன. எனவே தேடல் குருட்டுத்தனமானதாக இருக்க முடியாது. மலைச்சரிவில் விழும் மழைநீர் எந்தப் பக்கத்தில் விழுந்தாலும் பள்ளம் பார்த்து ஓடி ஒரே ஏரியை அடைவது போல, சரியான சிறு தொடர்புகள் ஒவ்வொன்றும் ஆற்றலைக் குறைத்துச் சங்கிலியை இறுதி வடிவத்தின் பக்கம் நகர்த்துகின்றன. சிறிய புரதங்கள் சிலவற்றுக்கு இந்தப் பாதை நன்றாகத் தெரியும். பெரியவற்றுக்கு, அதுவும் செல்லுக்குள் அமினோ அமிலங்களைக் கோக்கும் ரைபோசோமிலிருந்து சங்கிலி வெளிவந்துகொண்டிருக்கும்போதே தொடங்கிவிடும் மடிப்புக்கு, இன்னும் நிறைய வேலை இருக்கிறது. கேசீனைப் போலத் திட்டவட்டமான மடிப்பே இல்லாத புரதங்களும் புரதப் பகுதிகளும் நம் செல்களில் கணிசமாக உள்ளன. அவற்றுக்கு ஒற்றை வடிவத்தைக் கணிப்பதில் பொருளில்லை.

வடிவத்தோடு பாதையும் முக்கியம் என்பதற்கு நுரையீரலைப் பாதிக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயைப் பாருங்கள். சி.எஃப்.டி.ஆர். என்ற 1,480 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தில், 508-ஆம் இடத்திலுள்ள பினைல்அலனின் என்ற ஒன்றே ஒன்று இல்லாமல் போவதுதான் இந்நோய்க்கு மிகப் பொதுவான காரணம். எப்படியோ மடிந்து செல்லின் வெளிப்பரப்பை அடைந்துவிட்டால் அந்தக் குறையுள்ள புரதமும் ஓரளவு வேலை செய்யக்கூடியதே. ஆனால் மடிப்பு தடுமாறுவதைக் கண்டு செல்லின் தரச் சோதனை அமைப்பு அதை வழியிலேயே அழித்துவிடுகிறது. அந்த மடிப்புக்குத் துணை நிற்கும் சிறு மூலக்கூறுகளைத் தேடியவர்கள் வெற்றி பெற்றார்கள். அவற்றில் இரண்டைக் கொண்ட மூன்று மருந்துகளின் கூட்டு ஒன்று 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, நோயாளிகளின் நுரையீரல் செயல்திறனை வெகுவாக உயர்த்தியிருக்கிறது. நீங்கள் ஆய்வுக்கு வர நினைத்தால், ஒரு புரதம் மடிவதில் எந்த இடத்தில் தடுமாறுகிறது, அங்கே எந்த மூலக்கூறு கைகொடுக்கும் என்ற இந்தத் திசையைத்தான் முதலில் பரிந்துரைப்பேன்.